ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டது: பெங்களூரு நிறுவனமா, மாநிலப் பல்கலைக்கழக நெறியாளரா?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியலை இந்த ஆண்டு முடித்தேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில், பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கான அரசு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். தகுதியும் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், அடுத்து எங்கே சேர்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிஎச்.டி.க்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, பெங்களூருவில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம். அங்கே எனக்கு ஒதுக்கியிருப்பது கணினிவழித் திண்மநிலை இயற்பியல் குழு; திண்மப் பொருள்களின் பண்புகளைக் கணினியில் கணக்கிட்டு ஆராயும் வேலை. அதன் நெறியாளரிடம் ஏற்கெனவே ஏழு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். மற்றொன்று, எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே படிக வளர்ப்பில் ஈடுபட்டிருக்கும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில்தான் என் எம்.எஸ்சி. ப்ராஜெக்டை நான்கு மாதம் செய்தேன். "உனக்கு இடம் வைத்திருக்கிறேன் அம்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பணி ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகளே உள்ளன.

உதவித்தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், மதிப்பீட்டில் தேறினால் அதன்பின் 42,000 ரூபாய். ஆகவே பணத்தை வைத்து முடிவெடுக்க வழியில்லை. கல்லூரி ஆசிரியர்கள் அனைவரும் பெங்களூரு என்கிறார்கள். எனக்கோ அந்த ஆய்வுக்கூடத்தை விட்டு மனம் வரவில்லை. ஜூலை இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தரமணிவாசி

வாழ்த்துகள் தங்கையே. முதல் தலைமுறையில் படித்து ஜே.ஆர்.எஃப். வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தத் தேர்வை எழுதியவர்களுக்குத் தெரியும்.

என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: பெங்களூருவுக்குப் போங்கள். நிறுவனத்தின் பெயருக்காக இதைச் சொல்லவில்லை. பிஎச்.டி. என்பது ஐந்து, ஆறு ஆண்டுகள் நீளும் வேலை. அந்தக் காலத்தில் ஒரு மனிதரை மட்டும் நம்பியிருப்பது பெரும் ஆபத்து. நெறியாளருக்கு உடல்நலம் கெடலாம், வெளிநாடு போகலாம், நிதி தீர்ந்துபோகலாம், உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமலும் இருக்கலாம். பெரிய நிறுவனத்தில் அப்படி ஏதும் நேர்ந்தால் அதே தாழ்வாரத்தில் நான்கு கதவு தள்ளி இன்னொருவர் இருப்பார். சிறிய துறையில் இருப்பதே ஐந்து ஆசிரியர்கள் என்றால், ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவது அந்த ஐந்து பேருக்குமிடையே பகையாகிவிடும்; அந்தப் பகையின் நடுவில் நிற்பவர் மாணவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது, முதல் ஆண்டுப் பாடங்கள். நானும் திருவண்ணாமலைப் பக்கத்து அரசுக் கல்லூரியில் படித்தவன்தான். குவாண்டம் இயந்திரவியலில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆய்வு நிறுவனங்களில் சேர்வதற்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதித் தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தபோது, முதல் வாரம் கொடுத்த பயிற்சித் தாளில் ஒரு கணக்கைக்கூடத் தொடங்க முடியவில்லை. நோட்ஸைப் படித்து எழுதியே தேறியிருக்கிறேன் என்பது அன்றுதான் புரிந்தது. அந்த ஓராண்டுப் பாடங்களும், இரவு பதினொரு மணிக்குக் கரும்பலகை முன்னால் நின்று வாதிட்ட சக மாணவர்களும் இல்லையென்றால் நான் இயற்பியல் கற்றவன் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. உங்களுக்கும் அந்த ஓராண்டு கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நெல்லைச்சீமை

தரமணி நண்பரின் அக்கறை உண்மையானது. முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது ஒரு கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றதும் தரம் குறைவு என்று எடுத்துக்கொள்வது நம் ஊர் வரலாறு தெரியாமல் பேசுவது. ஜி.என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து தோலிலும் தசைநாணிலும் உள்ள புரதமான கொலாஜனின் மாதிரியைப் பெற்று, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் அதன் முப்புரி அமைப்பை முன்வைத்தார். உலகில் புரத அமைப்பைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் இன்றும் போடுகிற இராமச்சந்திரன் வரைபடம், 1963இல் கிண்டி வளாகத்தில் அவரும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் செய்த வேலை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் கட்டியெழுப்பிய நேரியல்சாரா இயக்கவியல் மையத்தைத் தெரியாமல் வடிவம் குலையாமல் நகரும் அலையான சாலிட்டான் பற்றி வேலை செய்பவர் இந்தியாவில் இருக்க முடியாது. இவை எல்லாம் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள்தான்.

இந்த இடங்களை உருவாக்கியவை கட்டடங்களும் தரவரிசைப் பட்டியலும் அல்ல. மாணவரோடு உட்கார்ந்து வேலை செய்த ஆசிரியர்கள். ஏழு பேருக்கு நடுவில் எட்டாவது ஆளாகப் போய் நிற்கும் மாணவிக்கு அந்த நேரம் கிடைக்குமா என்பதை யாரும் கேட்பதில்லை. என்னிடம் எம்.எஸ்சி. படித்த ஒரு பெண் மிகப் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். பாடங்கள் முடிந்த பிறகு முதல் ஆறு மாதத்தில் நெறியாளரை நேரில் பார்த்துப் பேசியது இரண்டு முறை. அவளுக்கு வேலை கொடுத்ததும் திருத்தியதும் குழுவிலிருந்த போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்துத் தற்காலிகமாக ஆய்வு செய்ய வந்தவர். அந்த போஸ்ட்டாக் ஜெர்மனிக்குப் போன பிறகு அவளுடைய ஆய்வு யாருடையதும் அல்லாத பொருளாகிவிட்டது. மூன்றாண்டு முடிந்து பட்டம் இல்லாமல் திரும்பி வந்தாள். இன்று ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள்; நன்றாக எடுக்கிறாள். ஆனால் அவளுடைய அந்த மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

உங்களைத் தெரிந்த, உங்கள் கைவேலையைப் பார்த்த ஒருவர் "இடம் வைத்திருக்கிறேன்" என்கிறார். அது எளிதில் கிடைக்கிற சொல் அல்ல.

தரமணிவாசி

ஜி.என்.ஆர். எடுத்துக்காட்டு எனக்கும் பிடித்தமானது. அதை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். அவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவர்; அங்கே சி.வி. இராமன் இருந்ததால் இயற்பியலுக்கு மாறினார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அதாவது, சேர்ந்த பிறகு துறை மாற்றிக்கொள்ள இடம் கொடுத்த நிறுவனம் அவரை உருவாக்கியது. கிண்டிக்கு அவர் வந்தது ஆசிரியராக, மாணவராக அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் மீண்டும் பெங்களூருவுக்கே போய்விட்டார் என்பதும் வரலாறுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாரையும் புண்படுத்த அல்ல. படிக வளர்ப்பில் தமிழ்நாட்டில் வெளிவரும் ஆய்வேடுகளில் பலவற்றுக்கு ஒரே சட்டகம்தான் இருக்கிறது. ஓர் அமினோ அமிலத்தையும் ஓர் உப்பையும் கரைத்து, மெல்ல ஆவியாகவிட்டு, வந்த படிகத்துக்கு எக்ஸ்-கதிர், எஃப்.டி.ஐ.ஆர்., யூ.வி., நுண்கடினத்தன்மை என்று வரிசையாக அளந்து, ஐந்து அத்தியாயம் எழுதிவிடுகிறார்கள். அடுத்த மாணவர் உப்பை மாற்றுகிறார். எந்தக் கேள்விக்கு விடை தேடி அந்தப் படிகத்தை வளர்த்தார்கள் என்று பக்கம் பக்கமாகத் தேடினாலும் கிடைப்பதில்லை. தங்கை சேரப்போகும் ஆய்வுக்கூடம் அப்படிப்பட்டதா என்பது எனக்குத் தெரியாது. அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நெல்லைச்சீமை

அந்தக் குறை உண்டு. நானே பல ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே துறையில்தான் 2005இல் சங்கரநாராயணன்-இராமசாமி முறை இங்கே தமிழ்நாட்டில் பிறந்தது. கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வேண்டிய திசையில் பொருத்தி, கரைசலிலிருந்து அந்த ஒரே திசையில் படிகத்தை வளர்த்தெடுக்கும் முறை அது. வெளிநாட்டு ஆய்வாளர்களும் இன்று அதை எஸ்.ஆர். முறை என்றே எழுதுகிறார்கள். மோசமான ஆய்வேடுகளை வைத்து ஒரு துறையையே தள்ளிவிட்டால், கணினிவழித் திண்மநிலை இயற்பியலையும் தள்ளத்தான் வேண்டியிருக்கும். ஒரு மென்பொருளை வாங்கி, தனிமத்தை மாற்றி மாற்றி ஓட்டி, படம் வரைந்து கட்டுரை போடுவது அங்கே நடக்கவில்லையா?

காவிரிக்கரை

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. நான் எதைச் செய்ய விரும்புகிறேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்கிறேன்.

ப்ராஜெக்டில் கே.டி.பி. (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பு) படிகம் வளர்த்தேன். சிறிய முகவையில் நிறைகரைசலை எடுத்து, வடிதாளில் ஊசியால் துளையிட்டு மூடி, அதிர்வு படாத மூலையில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் அடியில் கடுகளவு படிகங்கள் தெரிந்தன. அவற்றில் விளிம்பு உடையாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நைலான் நூலில் கட்டி, புதிய கரைசலில் தொங்கவிட்டேன். முதல் முறை அறையின் வெப்பநிலை ஏறி, காலையில் வந்து பார்த்தபோது நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. விதை முழுதும் கரைந்துவிட்டிருந்தது. இரண்டாம் முறை இருபத்தாறு நாள் காத்திருந்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக, மறுபக்கம் வைத்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக ஒன்று கிடைத்தது. அதைக் கையில் எடுத்தபோது, இதையே வாழ்நாள் முழுதும் செய்யலாம் என்று தோன்றியது.

கணினி வேலையில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் பெங்களூருவில் அந்தக் குழுவைக் கேட்டது நான் அல்ல. நேர்முகத் தேர்வில் கேள்விக்கு நன்றாகப் பதில் சொன்னேன், அவர்கள் அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

தரமணி அண்ணன் கேட்டதற்கு: எங்கள் பேராசிரியரிடம் வெளிவந்த கடைசி இரண்டு ஆய்வேடுகளைப் படித்தேன். ஒன்று அண்ணன் சொன்ன சட்டகம்தான். மற்றொன்றில், கரைசலில் உள்ள மாசு படிகத்தின் எந்த முகத்தில் ஒட்டி அதன் வளர்ச்சியை நிறுத்துகிறது என்ற ஒரே கேள்வியை நான்கு ஆண்டுகள் துரத்தியிருக்கிறார்கள்.

அட்லாண்டிக்கரை

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. நான்காம் ஆண்டில் இருக்கிறேன். மூன்றாவது வழி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

இங்கே இயற்பியல் பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்தால் மாதச் சம்பளமும் உண்டு. கடன் வாங்கி வருவது எம்.எஸ். படிக்க வருபவர்களின் கதை. இரண்டையும் நம் ஊரில் குழப்பிக்கொள்கிறார்கள். சேரும்போதே ஒரு நெறியாளரிடம் கட்டிப்போட மாட்டார்கள் என்பதுதான் இங்குள்ள முறையின் பெரிய நன்மை. முதல் ஆண்டு பாடம் படிக்கலாம், குழுக்களின் வாராந்தரக் கூட்டங்களில் போய் உட்காரலாம், தகுதித் தேர்வு முடித்து, பிறகு நெறியாளரைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிறுவனத்தின் பெயர் பற்றியும் ஒரு சொல். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் பெற்றது ஒஹையோ பல்கலைக்கழகத்தில், 1976இல், இயற்பியலில். தரவரிசையில் முன்னால் நிற்கும் பெயர் அல்ல அது. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேதியியலில்.

நெல்லைச்சீமை

அதே எடுத்துக்காட்டை மறுபக்கமாகவும் படிக்கலாம். பட்டம் பெற்ற பிறகு தம் விருப்பம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து, முனைவரான அவர் சான் டியாகோவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து இரண்டாண்டு படித்தார். தமக்குப் பொருந்தாத பொருளில் ஆண்டுகளைச் செலவிட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. அவருக்கு அந்தத் துணிவும் வாய்ப்பும் இருந்தன. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயதில் "பொருள் பிடிக்கவில்லை, மறுபடி தொடங்குகிறேன்" என்று வீட்டில் சொல்லும் வாய்ப்பு இருக்குமா?

மேலும், 2025இல் அமெரிக்க அரசு ஆய்வு நிதியை வெட்டியதால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையைக் குறைத்தன. கையில் இருக்கும் ஜே.ஆர்.எஃப்.ஐ விட்டுவிட்டு அடுத்த டிசம்பர் விண்ணப்பத்துக்குக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய நெறியாளர்

நான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் கற்பித்து, பதினான்கு பேருக்கு நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டிருந்தேன். மகளே, இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் "நிறுவனம்", "நெறியாளர்" என்று பொதுவாகப் பேசுகிறார்கள். நீ பொதுவான எதிலும் சேரப்போவதில்லை. குறிப்பிட்ட ஓர் அறைக்குள் போகப்போகிறாய். அந்த அறையைப் போய்ப் பார்.

முதலில் விதியைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஓய்வு பெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது. உன் பேராசிரியருக்கு நான்கு ஆண்டு இருப்பதால் எடுக்கலாம். ஓய்வுக்குப் பிறகு அவர் முதன்மை நெறியாளராகத் தொடர முடியாது. எழுபது வயதுவரை இணை நெறியாளராக இருக்கலாம். அதாவது உன்னுடைய கடைசி ஓராண்டு அல்லது இரண்டாண்டு, ஆய்வேடு எழுதும் மிக நெருக்கடியான காலத்தில், வேறொருவருடைய கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. அந்த வேறொருவர் யார் என்பதைச் சேரும் முன்பே கேள். பெயர் சொல்ல முடியாவிட்டால் சேராதே. நான் ஓய்வு பெற்றபோது என்னிடம் இருவர் மீதமிருந்தார்கள். ஒருவரை ஒரு நல்ல இளைய பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். மற்றொருவருக்குக் கையெழுத்து வாங்க நானே பதினெட்டு மாதம் படியேறி இறங்கினேன். அந்த நினைவு இன்னும் உறுத்துகிறது.

அடுத்து, கருவிகள். எக்ஸ்-கதிர்க் கருவி இருக்கிறதா என்று கேட்காதே, எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கருவியின் பக்கத்தில் ஒரு நீளப் பதிவேடு இருக்கும். யார், எந்த நாளில், எந்த மாதிரியை அளந்தார்கள் என்று எழுதியிருப்பார்கள். அதைத் திறந்து கடைசிப் பதிவின் தேதியைப் பார்.

மூன்றாவதாக, கடைசியாக முடித்த ஐந்து பேர் ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேள். விட்டுப் போனவர்களைப் பற்றி நெறியாளரிடம் கேட்காதே; ஆய்வாளர்களிடம் கேள், அதுவும் ஆய்வுக்கூடத்துக்குள் அல்ல, வெளியே தேநீர்க் கடையில். பதில் சொல்லும் முன் அவர்கள் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள். இதை இரண்டு இடத்திலும் செய். பெங்களூருவுக்குப் பேருந்துச் செலவைப் பார்க்காதே.

தரமணிவாசி

ஐயா சொன்ன கையெழுத்து விஷயம்தான் என்னை இவ்வளவு பிடிவாதமாகப் பேச வைக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் அறைத் தோழன் வேறொரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தான். அதன் பெயர் வேண்டாம். நல்ல நெறியாளர் என்று ஊரே சொன்ன மனிதர். முதல் மூன்றாண்டு உண்மையிலேயே நல்லவராகத்தான் இருந்தார். பிறகு நிர்வாகப் பொறுப்பு வந்தது. தோழன் ஆய்வேட்டின் வரைவை அச்சிட்டு, பக்கங்கள் பிரியாமல் இரண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோய் வைத்தான். ஒரு நாள் நானும் அவனோடு போனேன். மேசையின் இடது மூலையில், அழைப்பிதழ்களுக்கு அடியில், அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. வெயிலில் ஒரு ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவர் கெட்டவர் அல்ல; எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் படித்துவிடுகிறேன் என்றார். அந்தத் துறையில் அவரைக் கேட்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. எங்கள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் ஆய்வுக் குழுவின் முன்னால் மாணவரும் நெறியாளரும் உட்கார வேண்டும். நெறியாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மாணவரிடம் தனியாகவும் கேட்பார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் நான் நிறுவனம் என்கிறேன்.

நெல்லைச்சீமை

படித்து வருந்தினேன் நண்பரே. அந்த ஏற்பாடு எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஏட்டில் எங்கும் ஆய்வுக் குழு உண்டு. அது உண்மையாகக் கூடுகிறதா, தாள் மட்டும் சுற்றிவந்து கையெழுத்து வாங்குகிறதா என்பதுதான் கேள்வி; ஐயா சொன்ன கேள்விகளோடு தங்கை இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

எனக்குள்ள வருத்தம் வேறு. ஜே.ஆர்.எஃப். வாங்குகிற ஒவ்வொரு மாணவரையும் பெங்களூருவுக்கும் மும்பைக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தால், மன்னார்குடியிலும் தென்காசியிலும் இருந்து வரும் அடுத்த மாணவிக்கு எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் நைலான் நூல் கட்டக் கற்றுக்கொடுக்க யார் இருப்பார்கள்? அந்தப் பேராசிரியரிடம் அந்த ஆய்வுக்கூடம் இருந்ததால்தான் இந்தப் பெண்ணுக்குத் தன் விருப்பம் எது என்று தெரிந்தது.

தரமணிவாசி

அந்தப் பாரத்தை இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தோளில் ஏற்றுவது நியாயமில்லை. காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டியதும் கருவிகளுக்கு நிதி கொடுக்க வேண்டியதும் அரசு.

காவிரிக்கரை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஐயா சொன்னபடி இரண்டு இடத்துக்கும் போய் வந்தேன்.

முதலில் எங்கள் பல்கலைக்கழகம். எக்ஸ்-கதிர்க் கருவியின் பதிவேட்டில் கடைசித் தேதி மார்ச் மாதத்தோடு நின்றிருந்தது. குளிர்விப்பான் பழுதாம், மாதிரிகளைக் கட்டணம் கட்டிச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பொதுக் கருவி மையத்துக்கு அனுப்புகிறார்கள். நான் ப்ராஜெக்ட் செய்தபோது இதை எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கடைசியாக முடித்த ஐந்து பேரும் நான்கரை ஆண்டுக்குள் முடித்திருக்கிறார்கள், யாரும் விட்டுப் போகவில்லை. தேநீர்க் கடையில் அக்காக்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு பெங்களூரு. எனக்கு ஒதுக்கிய குழுவில் மூன்று பேரிடம் பேசினேன். வியாழக்கிழமை தோறும் நெறியாளர் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்காருகிறார் என்றார்கள். நெல்லை அண்ணன் அஞ்சியதுபோல் அங்கே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றை ஓர் அக்கா சொன்னார்: குழு ஒதுக்கீடு தற்காலிகமானது, ஓராண்டுப் பாடங்கள் முடிந்ததும், எடுத்துக்கொள்ள ஒருவர் சம்மதித்தால், மாற்றிக்கொள்ளலாம். போன ஆண்டு இருவர் மாறியிருக்கிறார்கள். அழைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. நான்தான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

அதே தளத்தில் ஆக்சைடு படிகங்கள் வளர்க்கும் குழு ஒன்று இருக்கிறது. ஃப்ளோட்டிங் சோன் உலையை முதல்முறை பார்த்தேன். வளைந்த கண்ணாடிகள் விளக்கின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க, தண்டின் நடுப்பகுதி மட்டும் உருகி, எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் குழுவின் பேராசிரியையிடம் என் கே.டி.பி. படங்களைக் காட்டினேன். விதை கரைந்துபோனதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஓராண்டு பாடம் முடியட்டும், உன் விருப்பம் மாறாமல் இருந்தால் வா என்றார்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஓய்வுக்குப் பின் யார் என்ற கேள்வியையும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். துறையில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, நிரப்புவார்கள் என்று மூன்றாண்டாகச் சொல்கிறார்கள், நான் யார் பெயரைச் சொல்வது அம்மா என்றார். பிறகு, பெங்களூருவுக்குப் போ, விடுமுறையில் வந்து இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த உலையைப் பற்றிச் சொல்லிக்கொடு என்றார். பேருந்து ஏறும்வரை அழாமல் இருந்தேன்.

பெங்களூருவில் சேர்கிறேன் என்று நேற்று பதில் அனுப்பிவிட்டேன்.

நெல்லைச்சீமை

வாழ்த்துகள் தங்கையே. என் கருத்து மாறவில்லை. காலியான அந்த இரண்டு இடமும் நிரம்பியிருந்தால் உன் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீ கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு எடுத்த முடிவு இது.

அந்தப் பேராசிரியை சொன்னதை இன்றே மின்னஞ்சலில் எழுதி, "தாங்கள் கூறியபடி" என்று குறிப்பிட்டு அனுப்பி, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்து. ஓராண்டு கழித்துக் குழு மாறும்போது ஒதுக்கப்பட்ட நெறியாளரிடம் முதலில் நீயே போய்ச் சொல். பிறர் வாயால் அவர் கேட்கக் கூடாது. ஜே.ஆர்.எஃப். சேர்க்கை அறிக்கையில் நெறியாளர் பெயர் இருக்கும் என்பதால், மாறியதும் அதைத் திருத்தி எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். அலுவலகத்தில் முதல் வாரமே விசாரித்து வை.

உன் படிகத்தை எடுத்துப் போவாய் அல்லவா? பஞ்சில் சுற்றாதே, இழை ஒட்டிக்கொள்ளும். காற்றுப் புகாத சிறிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வை. பெங்களூரு மழைக்காலத்தில் கே.டி.பி.யின் முகம் ஒரே வாரத்தில் மங்கிவிடும்.